மஞ்சத் தண்ணி நிற்கும் வரைக்கும்

தை மாதம் தென்காசியில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பும்போதே மணி பத்தாகிவிட்டது. ஆலங்குளம் தாண்டி சீதபற்பநல்லூர் வருவதற்கு முன்னால், எதிரே வந்த லாரி ஒன்று கண்ணைக் கூச வைத்துவிட்டுக் கடந்து போனது, அடுத்த ஒன்றிரண்டு நொடி எனக்கு முன்னால் சாலை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, அந்த இருட்டுக்குள் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கேரியரில் புல்லுக்கட்டு. "ஏங்க, ஆளு ஆளு!" என்று மனைவி கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்ற இடத்துக்கும் புல்லுக்கட்டுக்கும் நடுவே ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகன் முன்சீட்டில் முட்டிக்கொண்டு எழுந்து, "வீடு வந்துருச்சா?" என்று கேட்டான்.

பாளையங்கோட்டை வரைக்கும் நாற்பதைத் தாண்டவில்லை. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மறுநாள் காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு, "முதல்ல போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. 46 வயது, கொஞ்ச நாளாகவே ராத்திரியில் ஓட்டும்போது சாலையோர வெள்ளைக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது, நாமும் அந்த வயதுக்கு வந்துவிட்டோம் போல என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து, எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னார்கள். "தூரப் பார்வை நல்லா இருக்கு சார், படிக்கறதுக்குத்தான் பிளஸ் ஒன் வேணும்" என்றார் டாக்டரம்மா. ராத்திரி கார் ஓட்டும்போது தெரியவில்லை என்றேன். புரை எதுவும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கண்ணில் இல்லையென்றால் பல்பில். எல்லாரும் போகிற வழியில்தான் நானும் போனேன். வண்டியில் இருந்தது சாதாரண ஹெச்4 ஹாலஜன், 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. ஆக்ஸசரீஸ் கடையில் 100/90 வாட் பல்பை எடுத்து நீட்டி, "இதைப் போடுங்க சார், பகல் மாதிரி இருக்கும்" என்றார்கள். போட்டேன். பகல் மாதிரியெல்லாம் இல்லை. எனக்குத் தெரிந்த வெளிச்சம் கொஞ்சம்தான் கூடியது, எதிரே வருகிறவர்களுக்குத்தான் ரொம்பக் கூடியது போலிருக்கிறது, லோ பீமில் போகும்போதே ஆளாளுக்கு லைட்டை மின்னவிட்டு டிப்பர் அடித்தார்கள். வண்ணார்பேட்டையில் ஒருத்தர் சிக்னலில் கண்ணாடியை இறக்கி, "டிம் பண்ணித்தான் ஓட்டுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போனார். டிம்மில்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வாரத்தில் பல்பு சாக்கெட்டில் கருகல் வாடை வந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த வயரிங் 60/55-க்குக் கணக்குப் பண்ணிப் போட்டது, அதில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றினால் வேறு என்ன நடக்கும். பழைய பல்பையே திரும்ப மாட்டினேன்.

எங்கள் தெருமுனையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிற தம்பி ஒருத்தர் உண்டு. சாயங்காலம் டீக்கடையில் பார்ப்போம். அவரிடம் புலம்பியதும், டீ டம்ளரோடு எழுந்து வந்து வண்டியின் மூக்கில் குனிந்தார். செல்போன் டார்ச்சை வலது ஹெட்லைட்டின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் உள்ளே போய் ரிஃப்ளெக்டரில் பட்டிருக்க வேண்டும், போகவில்லை, மேற்பரப்பிலேயே மோர் கொட்டின மாதிரி பரவி நின்றது. அப்படியே இடது பக்கம் போய்ப் பிடித்தார். அங்கே கொஞ்சம் தேவலை. "பல்பு எரியுது அண்ணாச்சி. வெளிச்சம் வெளிய வரல, அவ்வளவுதான்" என்றார்.

பதினொரு வருஷமாக அந்த வண்டியைத் தினமும் கழுவித் துடைக்கிறேன். அதன் ஹெட்லைட் முகப்பு மஞ்சளானது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று கண் பழகிவிட்டது. மூளையும் சேர்ந்து பழகிவிட்டது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல். மங்கல் ராத்திரியோடு ராத்திரியாக வந்திருந்தால் மறுநாளே பட்டறையில் நின்றிருப்பேன். அது வருஷத்துக்கு இத்தனை என்று தவணை முறையில் வந்தது.

வலது பக்கம் ஏன் கூட மஞ்சள் என்பதற்குக் காரணம் வீட்டு வாசலிலேயே இருந்தது. வண்டியை மேற்குப் பார்த்துத்தான் நிறுத்துவேன். இடது மூக்கு பக்கத்து வீட்டு வேப்பமர நிழலுக்குள் வந்துவிடும், வலது மூக்குக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் நேர் வெயில். பாளையங்கோட்டை வெயில். ஒரே வண்டி, ஒரே வயது, ஒரே பிளாஸ்டிக், நடுவில் ஒரு வேப்பமரம்.

கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக்

எங்கள் மாமாவிடம் அம்பாசடர் இருந்தது. "என் வண்டி லைட்டு மஞ்சளாச்சா எப்பவாவது?" என்று அவர் கேட்பதில் உண்மை இருக்கிறது. அம்பாசடரிலும் பத்மினியிலும் முன்விளக்கு வட்டமான நிஜக் கண்ணாடி. கல் பட்டால் உடையும், மங்காது. இப்போது நாம் பேச்சுவாக்கில் ஹெட்லைட் கண்ணாடி என்று சொல்வது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். கனம் குறைவு, கல் பட்டாலும் சுலபத்தில் உடையாது, பூனைக்கண் மாதிரியோ வாழைக்காய் மாதிரியோ எந்த வடிவத்துக்கும் வார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1983 வரைக்கும் சீல்டு பீம் என்கிற, ஒரே துண்டாக மூடி அடைத்த கண்ணாடி விளக்கைத் தவிர வேறு எதற்கும் அனுமதியே இல்லை, விதியைத் தளர்த்திய பிறகு 1984 மாடல் லிங்கன் மார்க் 7-இல் பிளாஸ்டிக் முகப்பு வந்தது, அதற்கப்புறம் உலகம் முழுக்க அதுதான்.

பாலிகார்பனேட்டுக்குப் பெரிய பலவீனம், வெயிலின் புற ஊதாக் கதிர். அது பட்டால் மேற்பரப்பு சிதைந்து மஞ்சளாகும், காற்றும் ஈரமும் தூசியும் சேர்ந்து அதைச் சொரசொரப்பாக்கும். இது தெரிந்துதான் கம்பெனியிலேயே மேலே ஒரு கடினமான தெளிவான பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். தலைமுடியின் தடிமனில் சின்னப் பங்குதான் அந்தப் பூச்சு. அது இருக்கிற வரைக்கும் விளக்கு புதுசு. வெயிலிலும், வைப்பர் இல்லாத அந்த இடத்தில் வந்து மோதுகிற மணலிலும் அது தேய்ந்து, திட்டுத் திட்டாக உரிந்துபோன பிறகு பிளாஸ்டிக் அம்மணமாக நிற்கிறது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் இதேதான், அதனால் என் வண்டி என்ன வண்டி என்று கேட்காதீர்கள்.

புதுசு மாட்டலாமே என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தேன். ஒரிஜினல் ஒரு பக்கத்துக்கு 3,800 ரூபாய் சொன்னார்கள், ஜோடி 7,600. டூப்ளிகேட் பாதி விலை, ஆனால் அதன் மேல் பூச்சு எப்படியிருக்கும் என்று கடைக்காரரே உத்தரவாதம் தரவில்லை. விற்கப்போனால் ஒன்றரை லட்சம் தேறாத வண்டிக்கு 7,600 ரூபாயில் முன்விளக்கா என்று மனசு கணக்குப் போட்டது. மனசு போட்ட கணக்கு தப்பு என்று இப்போது தெரிகிறது, புல்லுக்கட்டுப் பெரியவருக்கு என் வண்டியின் ரீசேல் மதிப்பு ஒரு பொருட்டா என்ன. ஆனாலும் அன்றைக்கு அப்படித்தான் யோசித்தேன்.

பேஸ்ட் மகிமை

மங்கின ஹெட்லைட்டைப் பற்பசையால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக் காட்டுகிற வீடியோக்களைப் பார்க்காத கார்க்காரர் இருக்க முடியாது. நானும் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்த வெள்ளைப் பேஸ்ட்டைப் பிதுக்கி, பழைய பனியன் துணியால் இரண்டு விளக்கையும் அரை மணி நேரம் வட்ட வட்டமாகத் தேய்த்தேன். தண்ணீர் விட்டுக் கழுவினால், சத்தியமாகச் சொல்கிறேன், பளிச்சென்று ஆகிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மைத்துனனுக்கு முன், பின் என்று இரண்டு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் கைதட்டும் பொம்மையை ஆறு தடவை அனுப்பினான்.

வைகாசிக்குள் பழைய மஞ்சள் திரும்பிவிட்டது. வலது பக்கம் பழையதை விட மோசம், நடுவில் தேமல் மாதிரி வெள்ளைத் திட்டுகள் வேறு. மறுபடி தேய்த்தேன். இந்தத் தடவை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

இது என்னைத் தூங்க விடவில்லை. பேஸ்ட் வேலை செய்யவில்லை என்றால் விட்டுவிடலாம், ஆனால் செய்தது, என் கண்ணால் பார்த்தேனே. அப்புறம் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. பேஸ்ட்டில் பல்லைத் தேய்ப்பதற்காகச் சிலிக்காவோ சுண்ணாம்புத் தூளோ இருக்கிறது, அது மிக மெல்லிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்து மேலாக இருக்கிற மங்கலைச் சுரண்டிவிடுகிறது. கூடவே அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்த கம்பெனிப் பூச்சின் மிச்சத்தையும் தேய்த்துவிடுகிறது. பதிலுக்கு ஒன்றும் பூசுவதில்லை. இருந்த குடையையும் பிடுங்கிக்கொண்டு வெயிலில் நிறுத்துகிற வேலை. வீடியோ போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை, கழுவித் துடைத்த அந்த நிமிஷத்தோடு கேமராவை அணைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே வண்டியைக் காட்டின ஒரு வீடியோவும் என் கண்ணில் படவில்லை.

இதையாவது மன்னிக்கலாம். கொசு விரட்டி ஸ்ப்ரேயை அடித்துத் துடைக்கச் சொல்கிறார்களே, அது இன்னும் மோசம். டீட் என்கிற மருந்து கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கையே கரைக்கும். மேல்தோல் கரைந்து வழவழவென்று ஆவதைத்தான் சுத்தமாகிவிட்டது என்று காட்டுகிறார்கள். கப்பில் ஒரு திரவத்தை ஊற்றிச் சூடாக்கி ஆவி பிடிக்கிற செட் ஒன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது. அந்தத் திரவம் டைகுளோரோமீத்தேன் மாதிரியான குளோரின் கரைப்பான். ஆவி பட்டதும் பிளாஸ்டிக் உருகிச் சமமாகி, கண்ணாடி மாதிரி மின்னும், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஆவி நம் நுரையீரலுக்கு ஆகவே ஆகாது, உருகி இறுகிய பரப்பில் பிறகு முடி முடியாக விரிசல் விடவும் வாய்ப்புண்டு. அதன் மேலும் ஒரு பாதுகாப்பும் கிடையாது.

வாட்டர் பேப்பர்

பட்டறைத் தம்பியிடம் போய், நீங்களே செய்து கொடுங்களேன் என்றேன். 1,500 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டு, "உங்களுக்குத்தான் ஞாயித்துக்கிழமை சும்மா இருக்க முடியாதே அண்ணாச்சி, நீங்களே செய்யுங்க. கையிருந்தாப் போதும்" என்றார். எழுதியும் கொடுத்தார். 600, 1000, 1500 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கூடக் கூட மிருது) இரண்டிரண்டு ஷீட், மாஸ்கிங் டேப் ஒரு உருளை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சின்ன பாட்டில், கிளியர் கோட் ஸ்ப்ரே ஒரு கேன். பேப்பருக்கு 150, டேப்புக்கு 60, ஆல்கஹாலுக்கு 120, ஸ்ப்ரேக்கு 320. மொத்தம் 650 ரூபாய். துடைக்க நான் தின்னர் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல், மூலையில் கிடந்த உடைந்த ஹெட்லைட் சில்லு ஒன்றை எடுத்து, துணியில் தின்னரைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். இழுத்த இடம் அப்படியே வெளுத்துப் பனி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சில்லை இன்னும் என் டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

விளக்கைச் சுற்றிப் பெயிண்டின் மேல் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்து ஒரே அடுக்கு ஒட்டினேன், அதனால் பானட் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு இன்றைக்கும் கீறல் இருக்கிறது. பேப்பரைக் கால் கால் துண்டாகக் கிழித்து, ஒரு சொட்டு ஷாம்பூ விட்ட வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போட வேண்டும். 600-இல் குறுக்காக மட்டும் தேய்க்க வேண்டும், அடுத்து 1000-இல் நெடுக்காக மட்டும். இது ஏன் என்று தேய்க்கும்போதுதான் தெரிந்தது. முந்தின பேப்பரின் கோடுகள் குறுக்கே நிற்கும், அவை எல்லாம் மறைகிற வரைக்கும் புதுப் பேப்பர் தன் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். வட்ட வட்டமாகத் தேய்த்தால் எது எந்தக் கீறல் என்றே தெரியாது. இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், மூடியில் ஓட்டை போட்டது, பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும்.

தம்பி எனக்குச் சொல்லி அனுப்பினது ஒன்றே ஒன்றுதான். "மஞ்சத் தண்ணி நிக்க வரைக்கும் விட்றாதீங்க அண்ணாச்சி. வெள்ளத் தண்ணி வந்தாத்தான் பழைய கோட்டு போயிருக்குன்னு கணக்கு."

முதல் இழுப்பிலேயே மஞ்சள் தண்ணீர் வந்தது. மஞ்சள் என்றால், அரைத்த மஞ்சளைக் கரைத்து விட்ட மாதிரி. பம்பர் மேல் வழிந்து தரையில் சொட்டியது. பதினைந்து நிமிஷம் கழித்தும் மஞ்சள்தான். தோள் கடுக்க ஆரம்பித்தது. இருபத்தைந்தாவது நிமிஷம் வாக்கில் நடுப்பகுதியில் வெள்ளை, ஓரங்களில் இன்னும் மஞ்சள். ஓரங்களில்தான் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன், பானட்டுக்குக் கீழே அந்த விளிம்பில் விரல் நுழையாது, பேப்பரை ஐஸ்கிரீம் குச்சியில் சுற்றித் தேய்த்தேன். எல்லா இடமும் வெள்ளைத் தண்ணீர் வந்ததும் துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

வயிற்றைக் கலக்கிவிட்டது. விளக்கு மொத்தமும் பால்வெள்ளை. குளியலறை ஜன்னலுக்குப் போடுவார்களே, ஆள் தெரியாத கண்ணாடி, அது மாதிரி. உள்ளே பல்பு இருப்பதே தெரியவில்லை. மஞ்சளாகவாவது கொஞ்சம் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இப்போது அதுவும் போச்சு. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த மனைவி, "7,600 தானே சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். 1000 போட்டேன், அதே வெள்ளைதான், கொஞ்சம் மிருதுவான வெள்ளை. 1500 போட்டேன். விரலால் தடவினால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது, பார்த்தால் பழையபடி கண் புரை.

தம்பிக்கு போன் போட்டேன். பட்டறையில் கம்ப்ரெசர் சத்தத்துக்கு நடுவே, "தண்ணி ஊத்திப் பாருங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீரை மெல்ல மேலிருந்து ஊற்றினேன். தண்ணீர் வழிகிற இடமெல்லாம், வழிகிற அந்த இரண்டு நொடிக்கு, விளக்கு புதுசாக இருந்தது. உள்ளே ரிஃப்ளெக்டரின் மடிப்பு, பல்பின் நுனித் தொப்பி, இண்டிகேட்டர் பல்பின் ஆரஞ்சு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. தண்ணீர் வடிந்ததும் ஓரத்திலிருந்து மறுபடி வெள்ளை ஊர்ந்து வந்து மூடியது. இன்னொரு சொம்பு ஊற்றினேன். மறுபடி கண்ணாடி. மகனைக் கூப்பிட்டு அவனையும் ஊற்றச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த கால் மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஹெட்லைட்டுக்கு அபிஷேகம்தான் செய்துகொண்டிருந்தோம்.

அந்தச் சொம்புத் தண்ணீரில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வெள்ளையாகத் தெரிவது அழுக்கு கிடையாது, ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள். ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தை ஆளுக்கொரு திசையில் சிதறடிக்கிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களில் நிரம்பியதும் பரப்பு சமமாகி, வெளிச்சம் நேரே போகிறது. ஆக, கீறலைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஒழிக்க வேண்டிய அவசியமே இல்லை, தண்ணீர் செய்வதை நிரந்தரமாகச் செய்கிற ஒன்றை மேலே ஊற்றினால் போதும். கிளியர் கோட் அதைத்தான் செய்கிறது, கூடவே புற ஊதாக் கதிரையும் தடுக்கிற வகையாக வாங்கினால் கம்பெனிப் பூச்சின் இடத்தில் அதுவே உட்கார்ந்துகொள்கிறது. கிளியர் கோட் அடிப்பதாக இருந்தால் 1500-க்கு மேல் வழவழப்பாக்கவும் கூடாது, பூச்சுக்குப் பிடிமானம் வேண்டும். 2000, 3000 என்று போய் ரப்பிங் காம்பவுண்டில் முடித்து மெழுகு போடுவது இன்னொரு வழி, உடனே பளிச்சென்று இருக்கும், ஆனால் மெழுகை மாதாமாதம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு அது ஆகாது.

ஆடிக் காற்று

சரி, விளங்கிவிட்டது, முடித்துவிட்டேனா என்றால் இல்லை. நான் இதைச் செய்தது ஆடி மாதம். எங்கள் ஊர்ப் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஆல்கஹாலில் துடைத்து, காய வைத்து, ஸ்ப்ரேயைக் கையில் எடுத்து அழுத்தினால், பாதி விளக்கில் விழுந்தது, பாதி பக்கத்து வீட்டு மதிலுக்குப் போனது. காற்றை ஈடுகட்டுகிறேன் என்று கேனைக் கிட்டே கொண்டு போய் அழுத்தினேன், வலது பக்கத்தில் கண்ணீர் வழிந்த மாதிரி இரண்டு கோடு வடிந்து நின்றது. ஈரம் காய்வதற்குள் தெருப்புழுதி வந்து ஒட்டியது, கூடவே ஒரு சின்ன வேப்பிலை. வேப்பிலையை எடுக்கப்போய் விரல் ரேகையும் பதிந்தது. ஆனாலும் ராத்திரி வெளிச்சம் முன்னைக்கு எவ்வளவோ மேல் என்பதால் அப்படியே ஓட்டினேன்.

புரட்டாசியில் காற்று அடங்கி, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு பத்து பதினைந்து நாள் கிடைக்கும். அதில் ஒரு காலையில் மறுபடி 1000-இலிருந்து ஆரம்பித்து, ஆடி மாதப் பூச்சை எடுத்துவிட்டு, இந்தத் தடவை 2கே கிளியர் கோட் வாங்கி அடித்தேன். சாதாரண ஸ்ப்ரே கரைப்பான் ஆவியாகிக் காய்வது, 2கே-இல் இறுக வைக்கிற மருந்து தனியாக உள்ளே ஒரு குப்பியில் இருக்கும், கேனின் அடியிலிருக்கிற சிவப்புப் பித்தானை அமுக்கினால் உடைந்து கலக்கும். ரசாயனமாக இறுகுவதால் கல்லு மாதிரி நிற்கும். 1,150 ரூபாய் ஆனது. இதில் ஐசோசயனேட் என்கிற, மூச்சுக்கு ஆகாத ரசாயனம் இருக்கிறது, கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கெல்லாம் இதற்குப் பத்தாது, தம்பியிடமிருந்து கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், மகனை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத்தான் அடித்தேன். முதல் கோட் தூறல் மாதிரி, அங்கங்கே புள்ளி விழுந்தால் போதும். பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது, அது எல்லா இடத்தையும் நனைக்க வேண்டும். அப்புறம் மூன்றாவது. மூன்றாவது கோட்டில் அந்த வெள்ளை மேலிருந்து கீழே மறைந்துகொண்டே வந்தது, சொம்புத் தண்ணீர் ஊற்றினபோது பார்த்த அதே காட்சி, இந்தத் தடவை வடிந்து போகவில்லை. டேப்பைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆக மொத்தச் செலவு, ஆடியில் சொதப்பியதையும் சேர்த்து, 1,800 ரூபாய். பட்டறையில் கொடுத்திருந்தால் 1,500. இதைப் படிக்கிற யாரும் என் மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு ராத்திரியே வண்டியை எதிர் மதிலைப் பார்த்து நிறுத்தி லோ பீம் போட்டேன். முன்னால் மதில் முழுக்க ஒரு மங்கல் வட்டம் விழும், இப்போது மேல் விளிம்பு கோடு கிழித்த மாதிரி வெட்டி நின்றது, அதற்கு மேலே இருட்டு. எதிரே வருகிறவர்கள் ஏன் டிப்பர் அடித்தார்கள் என்பதற்கும் இதுதான் பதில், மங்கின பிளாஸ்டிக் வெளிச்சத்தைச் சாலைக்கு அனுப்பாமல் அவர்கள் கண்ணுக்குச் சிதறடித்துக்கொண்டிருந்தது, நான் 100 வாட் போட்டு அதற்கு இன்னும் தீனி போட்டிருக்கிறேன். அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் அமைப்பு 2018-இல் பழைய கார்களின் விளக்குகளைச் சோதித்துப் பார்த்தது. மங்கினவை புதுசு தருவதில் சுமார் 20 சதவீத வெளிச்சம்தான் தந்தன, தேய்த்துச் சீராக்கின பிறகு சுமார் 70 சதவீதம் வந்தது. அந்த மீதி 30 சதவீதம் எனக்கும் வந்திருக்காது. உள்பக்கம் லேசாகப் புகை படிந்திருக்கிறது, ரிஃப்ளெக்டரும் பதினொரு வருஷம் பழசு, வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அதற்கு மருந்து கிடையாது. உள்ளே தண்ணீர் கோத்திருந்தாலோ, ரிஃப்ளெக்டரின் வெள்ளி உரிந்திருந்தாலோ, பிளாஸ்டிக்குக்குள்ளேயே விரிசல் ஓடியிருந்தாலோ இந்த வேலையில் இறங்காதீர்கள், பேசாமல் ஒரிஜினல் வாங்கிப் போடுங்கள்.

இது முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இடது பக்கம் அப்படியே இருக்கிறது. வலது பக்கம் மேல் ஓரத்தில், வெயில் நேரே விழுகிற இடத்தில், உற்றுப் பார்த்தால் ஒரு நகக்கண் அளவு மங்கல் தொடங்கியிருக்கிறது. இப்போதெல்லாம் மதியம் வண்டியை நிறுத்தினால் பழைய பெட்ஷீட் ஒன்றை மூக்கின் மேல் போட்டுவிடுகிறேன். மாடு மேய வந்தால் அதை இழுத்துத் தின்னப் பார்க்கிறது.

அந்த 2கே கேனில் ஒரு சங்கடம் உண்டு. சிவப்புப் பித்தானை அமுக்கிவிட்டால் ஒன்றிரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும். எனக்குப் பாதிக் கேன்தான் செலவானது. 1,150 ரூபாயில் பாதியை வீணாக்க மனசு வருமா, மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். மூன்றாவது வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார், அவர் வண்டிக்கு மதியம் வரைக்கும் மஞ்சள் தண்ணீர் வந்தது. கடைசி வீட்டில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சார். அவர் வண்டி விளக்கு தேன் பாட்டில் நிறத்தில் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன், தண்ணீர் ஊற்றுகிற வித்தையையும் பாடம் நடத்துகிற மாதிரி விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "வேண்டாம் தம்பி. மஞ்ச லைட்டு இருந்தாத்தான் மழையில நல்லாத் தெரியும்."

மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "இப்போ கொஞ்ச நாளா ராத்திரியில சரியாத் தெரிய மாட்டேங்குது. அடுத்த வாரம் கண்ணைக் காட்டணும்னு இருக்கேன்" என்றார்.